காலையில் லாரியை எடுக்கும் முன் எஞ்சினை எவ்வளவு நேரம் ஓடவிட வேண்டும்?

கேள்வி: சங்ககிரி வண்டிக்காரர்

அனைவருக்கும் வணக்கம். பல ஆண்டுகள் பழைய வண்டி ஓட்டிவிட்டு, சென்ற ஆண்டுதான் பன்னிரண்டு சக்கர பிஎஸ்-6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படியான) லாரி ஒன்றை வாங்கினேன். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கால் மணி நேரமாவது ஸ்லோவில் ஓடவிட்ட பிறகே வண்டியை நகர்த்த வேண்டும் என்பது எனக்குத் தொழில் கற்றுத் தந்த மூத்த ஓட்டுநரின் கண்டிப்பு. இன்றுவரை அதை மீறியதில்லை. ஆனால் புது வண்டியில் புகை வடிகட்டியின் எச்சரிக்கை விளக்கு அடிக்கடி எரிகிறது. பட்டறையில் காட்டியபோது, அந்தக் கால் மணி நேரமே காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். யார் சொல்வதை ஏற்பது?

பதில்: பழைய பட்டறைக்காரர்

உங்கள் ஆசான் தவறாகச் சொல்லவில்லை, அவர் ஓட்டிய வண்டிக்கு அது பொருந்தியது. அன்றைய ஆயில் குளிரில் கூழ்போல் இறுகிக்கிடக்கும். இன்றைய 15டபிள்யூ-40 ஆயில் நம் ஊர்க் காலைக் குளிரில் சில நொடிகளிலேயே மேலேறிவிடும். ஆயில் விளக்கு அணைவதே அதற்கு அடையாளம்.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது என்பதும், காற்றை ஏறத்தாழ பதினேழு மடங்கு அழுத்துவதால் பிறக்கும் சூட்டில்தான் டீசல் பற்றிக்கொள்கிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்தவையே. ஸ்லோவில் ஓடும்போது உள்ளே போகும் டீசல் மிகக் குறைவு, காற்றோ மிக அதிகம். ஆகவே அரை மணி நேரம் நின்று ஓடினாலும் எஞ்சின் முழுச் சூட்டை எட்டுவதில்லை. சரியாக எரியாத டீசலில் ஒரு பகுதி கரியாகப் படிகிறது, ஒரு பகுதி சிலிண்டரின் உட்சுவரான லைனர் வழியாக வழிந்து ஆயிலோடு கலக்கிறது. அந்தக் கரி வடிகட்டியில் சேர்ந்துகொண்டே போகிறது. அது எரிந்து தீர வேண்டுமானால் புகைக்குழாய் நன்றாகச் சூடேற வேண்டும், அந்தச் சூடு பாரத்தோடு ஓடும்போதுதான் கிடைக்கும். மேலும் கியர் பாக்ஸ் ஆயிலும் பின் அச்சிலுள்ள கூன் (டிஃபரன்ஷியல்) ஆயிலும் நின்ற இடத்தில் சூடாவதே இல்லை.

நான் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்வதில்லை, பிரேக்குக்கான காற்றழுத்தத்தைக் காட்டும் ஏர் மீட்டரைப் பார்க்கச் சொல்வேன். இரவில் இறங்கிய ஏர் மீண்டும் ஏறி, எச்சரிக்கை ஒலி நின்று, பிரேக் விடுபடும் அளவுக்கு வருவதற்குள் எஞ்சினுக்குத் தேவையான அவகாசம் கிடைத்துவிடும். ஏர் இறங்காத வண்டியென்றால் இரண்டு நிமிடம் போதும். அதன்பின் முதல் நான்கைந்து கிலோமீட்டருக்கு எஞ்சினை அதிகம் ரேஸ் செய்யாமல் நிதானமாக ஓட்டுங்கள். ஏர் சீக்கிரம் ஏறட்டும் என்று குளிர்ந்த எஞ்சினை உறுமவிடும் பழக்கம்தான், எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவுக்கு எமன்.

பதில்: வடக்கு லைன் ஓட்டுநர்

பட்டறைக்கார அண்ணன் சொல்வது சமவெளிக்குச் சரி. ஆப்பிள் ஏற்றக் காஷ்மீர் சென்று, பனி விழும் இரவில் வண்டியை நிறுத்தியவர்களுக்கு இரண்டு நிமிடக் கணக்கு உதவாது. அங்கே ஹீட்டர் விளக்கு அணையும்வரை காத்திருந்துதான் சாவியைத் திருப்ப வேண்டும். வெள்ளைப் புகை குறையும்வரை வண்டியை நகர்த்தவும் கூடாது. கடுங்குளிரில் டீசலிலேயே மெழுகு திரண்டு ஃபில்டரை அடைத்துவிடும் என்பதால், அந்த நிலையில் எஞ்சினை எத்தனை நேரம் ஓடவிட நினைத்தாலும் பயனில்லை. லடாக் போன்ற பகுதிகளுக்காக, மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019-இல் கொண்டுவந்தது இதனால்தான். புகையைச் சுத்தப்படுத்த தனி டேங்கில் ஊற்றும் ஆட்புளூ திரவமும் மைனஸ் 11 டிகிரியில் உறைந்துவிடும். ஆனால் அதற்காக அஞ்ச வேண்டாம், எஞ்சின் சூடானதும் ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டிலேயே அது உருகிவிடும்.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் நன்றி. என் வண்டி சேலம், பெங்களூரு, கொச்சி தாண்டிப் போவதில்லை. ஆகவே நாளை முதல் ஏர் ஏறியதும் கிளம்பிவிடுகிறேன். நிறுத்தும்போதும் சற்று நேரம் ஓடவிட வேண்டும் என்கிறார்களே, அதையும் விட்டுவிடலாமா?

பதில்: பழைய பட்டறைக்காரர்

அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். பாரத்தோடு மேடு ஏறி வந்த உடனே எஞ்சினை அணைத்தால், டர்போ கொதிக்கும் நிலையிலேயே ஆயில் ஓட்டம் நின்று, பேரிங்கில் தங்கிய ஆயில் கருகிவிடும். இரண்டு மூன்று நிமிடம் ஸ்லோவில் விட்டு அணையுங்கள். ஊருக்குள் மெதுவாக உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினால் அதுவும் தேவைப்படாது.