டென்காரா தூண்டில்: காற்றில் நரம்பு முன்னால் போக மாட்டேன் என்கிறது, குளத்தில் மீனும் எடுக்கவில்லை. உதவி தேவை

கேள்வி (அம்பாசமுத்திரம்)

வணக்கம். ஆவணியில் நண்பர்களோடு காஷ்மீர் ஏரிகளுக்கு மலையேறப் போகிறேன். சோனாமார்க்கில் தொடங்கி விஷன்சர், கட்சர், கங்காபல் வழியாக நாராநாக்கில் இறங்கும் பாதை. கூடாரம், சாப்பாடு எல்லாம் முதுகில்தான். அங்கே டிரவுட் மீன் உண்டு என்பதால் ஜப்பான் முறை டென்காரா கம்பு ஒன்று வாங்கியிருக்கிறேன். ரீல் கிடையாது. நீட்டினால் 3.6 மீட்டர், மடக்கினால் அரை மீட்டருக்குக் கொஞ்சம் கூட. நூறு கிராம்கூட எடை இல்லாததால் பையில் இருப்பதே தெரியாது.

இப்போது ஊர்க் குளத்தில் பழகுகிறேன். மூன்று சிக்கல்கள்.

ஆடிக் காற்றில் நரம்பு முன்னால் போகாமல் சுருண்டு என் காலடியிலேயே விழுகிறது. கடையில் வாங்கிய சாதாரண நைலான் நரம்பு, 0.25 மி.மீ., ஐந்து மீட்டர் கட்டியிருக்கிறேன்.

காற்று ஓய்ந்த நேரத்தில், முள்ளில் இறகு கட்டிச் செய்த போலிப் பூச்சி சரியாக விழுந்தாலும் மீன் சீண்டுவதில்லை. பூச்சி சும்மா கிடக்கிறது.

கம்பின் நடுத்துண்டு ஒன்று இறுகிக்கொண்டு மடங்க மறுக்கிறது.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். புழு கோத்துப் பிடித்துப் பழக்கம் உண்டு, இறகுப் பூச்சி புதுசு.

பதில் (தென்காசி)

தம்பி, கோளாறு உன் கையில் இல்லை, நரம்பில் இருக்கிறது. டென்காராவில் எறிய ஈயமோ தக்கையோ கிடையாது. பூச்சிக்கும் எடை இல்லை. நரம்பின் எடைதான் பூச்சியைக் கொண்டுபோக வேண்டும். நைலான் ஏறக்குறைய தண்ணீர் அளவுக்கே கனம். அதை ஆரியங்காவு கணவாய் வழியாக வரும் காற்று தூக்கிப் போடாமல் என்ன செய்யும்? ஃப்ளோரோகார்பன் நரம்பு வாங்கு. அதே தடிமனில் நைலானைவிட ஒன்றரை மடங்கு கனம் இருக்கும். ஜப்பான் அளவில் 4ஆம் எண், அதாவது 0.33 மி.மீ., காற்றுக்கு நல்லது. காற்றில்லாத நாளில் 3ஆம் எண் போதும்.

நீளத்தையும் குறை. பழகும்வரை கம்பு நீளத்துக்கே நரம்பு. அதன் நுனியில் ஒரு மீட்டர் மெல்லிய நரம்பு, 0.15 மி.மீ. கட்டி அதில் பூச்சியைக் கட்டு. அறுந்துவிடுமே என்று இதைத் தடிமனாக்காதே. முள் மாட்டிக்கொண்டால் இந்த மெல்லிய நரம்பு அறுந்து கம்பு நுனியைக் காப்பாற்ற வேண்டும். அப்படி மாட்டினால் கம்பை வளைத்து இழுக்காமல், கம்பை நேராக நீட்டிப் பிடித்துப் பின்னால் நட.

எறியும்போது ஆள்காட்டி விரல் கைப்பிடியின் மேலே இருக்கட்டும், முழங்கை விலாவை ஒட்டி. பின்னால் தூக்கும்போது கம்பு தலைக்கு நேர் மேலே வந்ததும் நிறுத்தி, நரம்பு பின்னால் விரிய ஒரு நொடி விடு. அப்புறம் முன்னால். காற்று எதிரே இருந்தால் கம்பு நுனியைத் தண்ணீர் அருகே வரை இறக்கி முடி. நரம்பு காற்றுக்கு அடியில் நுழைந்து போகும். முடிந்தால் காற்று முதுகில் படும் கரையில் நின்றுகொள். காஷ்மீர் ஏரிகளில் பிற்பகலில் காற்று கிளம்பும், அதனால் விடிகாலையை விடாதே.

பதில் (பாளையங்கோட்டை)

மடங்காத துண்டுக்கு மட்டும் சொல்கிறேன். எண்ணெய் போடாதீங்க, முறுக்கவும் வேண்டாம். இறுகிய இணைப்புக்கு இரு பக்கமும் ஈரமில்லாத ரப்பர் துண்டு சுற்றிப் பிடித்து, இரண்டு கையையும் நெருக்கமாக வைத்து நேர்கோட்டில் தள்ளுங்க. கைகளை அகலமாக வைத்தால் குழாய் வளைந்து ஒடியும். இறுக்கம் விட்டதும் அடிமூடியைக் கழற்றி, துண்டுகளை உருவி, மணலைக் கழுவிக் காய வைத்து மாட்டுங்க. நீட்டும்போது நுனித் துண்டிலிருந்து ஆரம்பிக்கணும், மடக்கும்போது கைப்பிடிப் பக்கத்துத் தடித்த துண்டிலிருந்து. வீசி நீட்டினால் மறுபடியும் இறுகும்.

பதில் (கல்லிடைக்குறிச்சி)

மீன் ஏன் எடுக்கவில்லை என்பதுதான் முக்கியம். டென்காரா ஏரிக்காகப் பிறந்த முறை இல்லை. ஜப்பானின் மலையோடைகளில் யமாமே, இவானா மீன்களைப் பிடிப்பவர்கள் வளர்த்த வித்தை. ஓடும் தண்ணீர் பூச்சியைக் கொண்டுவரும்; யோசிக்க நேரமில்லாததால் மீன் உடனே கவ்வும். நின்ற தண்ணீரில் மீன் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விடும். அதனால் அசைவை நீங்கள் கொடுக்க வேண்டும்.

சகாசா கெபாரி என்று ஒரு பூச்சி உண்டு, இறகு முள்ளின் கண் பக்கம் சாய்ந்திருக்கும். அதைத் தண்ணீரில் போட்டு ஓரிரண்டு முழம் மூழ்க விட்டு, கம்பு நுனியால் மெல்லச் சுண்டி நிறுத்துங்கள். சுண்டும்போது இறகு மடங்கும், நிறுத்தும்போது குடைபோல விரியும். பெரும்பாலும் நிறுத்தும் நேரத்தில்தான் மீன் கவ்வும். தக்கை இல்லை, ஆகவே நரம்பு தண்ணீரில் இறங்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். அது லேசாக நின்றாலும் நகர்ந்தாலும் தூக்குங்கள். குளத்து ஜிலேபிக் கெண்டைகூட இப்படி மெல்லப் போகும் சின்னப் பூச்சியை எடுக்கும்.

காஷ்மீரில் ஏரியின் நடுவைப் பார்த்து ஏங்க வேண்டாம். கிருஷன்சர் ஏரித் தண்ணீர் விஷன்சருக்குள் இறங்கும் வாய், கங்காபல் தண்ணீர் நுந்த்கோல் ஏரிக்குப் போகும் ஓடை, இந்த இடங்களில் நில்லுங்கள். உங்கள் கம்புக்கு எட்டும் தூரத்திலேயே நீரோட்டமும் இரையும் மீனும் சேரும் இடங்கள் அவை.

ஓடும் தண்ணீரில் பழகக் கன்னடியன் கால்வாய்க்கு வாருங்கள். கார் சாகுபடிக்குத் தண்ணீர் விட்டிருக்கும்போது மடைகளுக்குக் கீழே சின்ன மீன்கள் மேலெழும்பிப் பூச்சி தின்னும். பாபநாசம் சோதனைச் சாவடிக்கு மேலே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், அங்கே தூண்டிலே எடுக்கக் கூடாது. பாபநாசம் கோயில் படித்துறை மீன்கள் ஜனங்கள் பொரி போட்டு வளர்ப்பவை, அந்தப் பக்கமும் வேண்டாம். குளம் என்றால் மீன்பாசிக் குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

அண்ணாச்சி, எல்லாருக்கும் நன்றி. ரப்பர் வைத்துத் தள்ளியதில் கம்பு மடங்கிவிட்டது, உள்ளே மணல்தான். 4ஆம் எண் நரம்பு கட்டினேன், இப்போது காற்றிலும் நேராகப் போகிறது. கால்வாயில் ஒரு சின்ன மீன் கவ்வியது. ஆனால் ரீல் இல்லாமல் பெரிய மீனை எப்படிக் கரைக்குக் கொண்டுவருவது? நரம்பு கைக்கு எட்டவில்லை.

பதில் (கல்லிடைக்குறிச்சி)

கம்பைச் செங்குத்தாக்கிப் பின்னால் சாயுங்கள், நரம்பு உங்கள் பக்கம் வரும். இடக்கையால் பிடித்துக்கொண்டு, மிச்சத்தைக் கையாலேயே இழுங்கள். மீன் ஓடினால் நரம்பைக் கையில் சுற்றக் கூடாது, நீங்களும் கரையோடு நடந்து போங்கள். முள் நுனியை ஒட்டிப் பின்னோக்கி நீட்டியிருக்கும் சின்னக் கொக்கியைக் குறடால் நசுக்கி வைத்தால் கழற்றுவது எளிது. தொடும் முன் கையை நனையுங்கள். அப்புறம் காஷ்மீரில் மீன்பிடிக்க மீன்வளத் துறையின் அனுமதிச் சீட்டு கட்டாயம். ஸ்ரீநகரிலேயே வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு மலையேறுங்கள்.