டெலிபோன் கம்பெனியோட சொந்த ஆபீஸ் லைனுக்கு யூ.எஸ்.எஃப், 911 கட்டணம் வருமா?

வடசேரி_பில்லிங்:
நாகர்கோவில்ல இருந்து அமெரிக்காவில ஒரு கிராமப்புற டெலிபோன் கம்பெனிக்கு பில்லிங் பாக்கிறோம். அவங்க ஆபீஸ், ஸ்டோர், எக்சேஞ்ச் ரூம்ல சொந்த உபயோகத்துக்கு 23 லைன். எல்லாம் பில்லிங் சிஸ்டத்துல மல்டிலைன் பிசினஸ் சர்வீஸ் கோடுல (code) கிடக்கு, 100% டிஸ்கவுண்ட். ஆனா 2025 ஜூன் டெஸ்ட் பில்லுல லைனுக்கு 3.37 டாலர் யூ.எஸ்.எஃப் (யுனிவர்சல் சர்வீஸ் ஃபண்ட், டெலிபோன் கம்பெனிகள் பங்கு கட்டுற நிதி) நிக்குது, கூடவே 911 (அவசர உதவி எண்) கட்டணமும். எக்ஸெம்ப்ட் ஃபிளாக் (விலக்குக் குறி) போட்டா போதுமா? அதே கட்டடத்துல அவங்க கேபிள் டிவி கம்பெனிக்கும் 4 லைன் உண்டு.

தோவாளை:
மக்கா, அந்த 3.37-ஐ பிரிச்சுப் பாரு. மல்டிலைன் சப்ஸ்கிரைபர் லைன் சார்ஜ் (லைனுக்கு மாசக் கட்டணம்) 9.20 டாலர், 2025 ஏப்ரல்–ஜூன் காலாண்டுக்கு யூ.எஸ்.எஃப் ஃபேக்டர் (பங்கு சதவீதம்) 36.6%. பெருக்கினா 3.367. அதாவது டிஸ்கவுண்ட் கழியறதுக்கு முன்னாடியே சிஸ்டம் யூ.எஸ்.எஃப் சர்சார்ஜைக் கணக்குப் போட்டுட்டு.

ஃபிளாக் போட்டா பில்லுல அந்தக் கட்டணம் மறையும், அவ்வளவுதான். ஜி.எல்.-ல (கணக்குப் பேரேட்டுல) 9.20 வருமானமாவும் அதே 9.20 டிஸ்கவுண்டாவும் தனித்தனியா உக்காந்திருக்கும். யூ.எஸ்.எஃப் பங்குக்காக வருமானம் காட்டுற 499-ஏ படிவத்துக்கு ரிப்போர்ட் எடுக்கிறவர் மொத்த வருமானத்தை எடுத்தா, வராத காசுக்கு கம்பெனி பங்கு கட்டும். அதனால டிஸ்கவுண்டே வேண்டாம். விலை பூஜ்யமா ஒரு தனி சர்வீஸ் கோடு திறந்து 23 லைனையும் அதுக்கு மாத்துங்க. யூ.எஸ்.எஃப் பங்கு வெளி ஆள் கட்டுற வருமானத்து மேல; தனக்குத் தானே குடுக்கிறதுல வருமானமே கிடையாது. நம்ம பிஎஸ்என்எல்-ல சர்வீஸ் கனெக்‌ஷன்னு சொல்லுவாங்கல்லா, அதே சங்கதி.

மார்த்தாண்டம்_499:
கேபிள் கம்பெனி லைன் 4-ஐ இதுல சேக்காதீங்க. ஒரே முதலாளியா இருந்தாலும் அது வேற கம்பெனி; பில் போட்டு காசு வாங்கினா சாதாரண எண்ட் யூசர் (கடைசியா உபயோகிக்கிற வாடிக்கையாளர்) வருமானம்தான்.

நிறைய பேர் சறுக்குற இடம் இன்னொண்ணு. வேற டெலிபோன் கம்பெனி உங்ககிட்ட லைன் வாங்கி, ரீசெல்லர் சர்டிஃபிகேட்டும் (திருப்பி விக்கத்தான் வாங்குறோம்னு எழுதிக் குடுக்கிறது) தந்தா மொத்தமா யூ.எஸ்.எஃப் விலக்கு குடுத்திருவாங்க. திருப்பி விக்கிற சர்வீஸுக்கு மட்டும்தான் அது செல்லும். அவங்க ஆபீஸ் மேசையில இருக்கிற போனுக்கு செல்லாது; அந்த வருமானம் 499-ஏ-ல நாலாம் பிளாக் (எண்ட் யூசர் வருமானம்), மூணாம் பிளாக் (திருப்பி விக்கிற கம்பெனிகிட்ட வர்ற வருமானம்) இல்ல. ஊழியர் வீட்டு சலுகை லைனும் ஆபீஸ் லைன் ஆகாது.

தோவாளை:
சரிதான். 3% ஃபெடரல் எக்ஸைஸ் வரியும் கட்டின தொகை மேலதான், பூஜ்யத்துக்கு பூஜ்யம். கேபிள் கம்பெனியோட லோக்கல் சர்வீஸ் பில்லுக்கு அது உண்டு.

குழித்துறை_சுவிட்ச்:
911 அவ்வளவு எளுப்பம் இல்ல. பல மாநிலத்துல அது லைன் எண்ணிக்கைக் கணக்கு, வருமானக் கணக்கு இல்ல. விலை பூஜ்யமானாலும் கட்டணம் நிக்கும். அந்த மாநில 911 சட்டத்துல ‘அக்சஸ் லைன்’னு எதைச் சொல்லியிருக்குன்னு படிங்க. கம்பெனி சொந்த லைனை விலக்கியிருந்தா மட்டும் எடுங்க. எந்த விதிப்படி எடுத்தீங்கன்னு கோடு குறிப்புல எழுதி வையுங்க, ஆடிட்டுக்கு வேணும்.

கட்டணத்தை எடுக்கப் போய் 911 சர்வீஸையே எடுத்துராதீங்க, அதுதான் ரொம்ப முக்கியம். சில சிஸ்டத்துல 911 ஃபீச்சரும் கட்டணமும் ஒரே கோடு. அதை நீக்கினா அடுத்த இரவு அப்லோடுல 911 டேட்டாபேஸ்ல இருந்து அந்த நம்பரோட முகவரிப் பதிவு அழிஞ்சிரும். எக்சேஞ்ச் ரூம்ல தீப்பிடிச்சு ஒருத்தன் 911 அடிச்சா, எதிர்முனை ஸ்க்ரீன்ல முகவரி வராது. முதல்ல ஒரே ஒரு லைனை மாத்துங்க, மறுநாள் பதிவு இருக்கான்னு பாருங்க, பிறகு மத்த 22.

வடசேரி_பில்லிங்:
எங்க சிஸ்டத்துலயும் ரெண்டும் ஒரே கோடுதான். முதல்ல அதைப் பிரிக்கச் சொல்லியிருக்கேன், லைனை அதுக்குப் பிறகுதான் தொடணும்.