திராடகம்: கணவாய்க் காற்றில் சுடர் நிற்கவில்லை

இடம் கணவாய் ஊரான ஆரல்வாய்மொழி, மாடி அறை. ஆனியில் காற்று ஏறியதிலிருந்து, ஐந்து வாரமாக, திராடகத்துக்கு (சுடரை இமைக்காமல் பார்க்கும் யோகப் பயிற்சி) வைக்கும் சுடர் ஆடுகிறது. பார்வையும் கூடவே அலைகிறது. கண்ணை மூடினால் ஒரு நிமிடம் நிற்கும் பிம்பம் இப்போது பத்து விநாடியில் கரைந்துவிடுகிறது.

மண் அகல், நல்லெண்ணெய், பஞ்சுத்திரி. சுடர் கண் மட்டத்தில், இரண்டரை அடி தள்ளி. நேரம் அதிகாலை 4.30. கண்ணில் கோளாறில்லை, பரிசோதித்தாயிற்று. (மின்விசிறியைச் சொல்லாதீர்கள், அது அணைத்துத்தான் இருக்கிறது.)

ஜன்னலை அடைத்தால் கதவடியில் காற்று நுழைகிறது. அங்கே ஈரத்துண்டு திணித்தால் அறை புழுங்கி, புகை கண்ணைக் கரிக்கிறது. நெய்க்கு மாறியதில் புகை குறைந்தது, ஆட்டம் குறையவில்லை. திரியை உள்ளே இழுத்துச் சுடரைச் சிறிதாக்கினால் மூன்று நிமிடத்தில் நுனி கருகுகிறது. சிம்னி விளக்கில் ஆட்டமே இல்லை, ஆனால் கண்ணாடிக்குள் இன்னொரு சுடர் தெரிகிறது; ஒருமுனைப் பயிற்சிக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை. வெள்ளைத்தாளில் கரும்புள்ளி வைத்தால் கண் சீக்கிரம் வறள்கிறது, பிம்பமும் மங்கல்.

முன்பக்கம் திறந்த மறைப்புக்குள் அகலை வைத்துச் செய்கிறவர்கள், மறைப்பின் உயரம், ஆழம், மேல்திறப்பு என்ன அளவில் வைத்திருக்கிறீர்கள்?