மறு: நடைபாதையோர மழைநீர்த் தொட்டிக்கு வேறு சொல்

குழுவினருக்கு வணக்கம்.

> 'மழைநீர்த் தொட்டி' என்றே வைத்துவிடலாமே. எல்லாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் வேறொன்றாகப் புரியும். மொட்டைமாடித் தண்ணீரைக் குழாயில் பிடித்துச் சேர்த்துவைக்கும் தொட்டிதான் நினைவுக்கு வரும். நாம் பெயர் தேடும் 'ஸ்டார்ம்வாட்டர் பிளான்டர்' தெருத்தண்ணீரைக் கொஞ்ச நேரம் நிறுத்தி, செடியும் மண்ணும் வடிகட்ட விட்டு, கீழே இறக்குவது.

ஓர் இடத்தை வைத்துப் பேசினால் எளிது. அமெரிக்காவின் போர்ட்லாந்தில், அரசுப் பல்கலைக்கழகத்தை ஒட்டிய தென்மேற்கு 12ஆம் அவென்யூவில் 2005இல் இப்படி நான்கு கட்டினார்கள். சாலைக்கும் நடைபாதைக்கும் நடுவே, வரிசையாக. சாலையோரக் கல்லில் விட்ட வெட்டு வழியாகத் தண்ணீர் முதலாவதற்குள் நுழையும். அரையடி அளவுக்கு நின்றதும் இன்னொரு வெட்டு வழியாக வெளியே வந்து, அடுத்ததற்குள் போகும். நான்கும் நிரம்பி மிஞ்சுவது மட்டும் பழைய வடிகாலுக்கு. முன்பெல்லாம் வண்டிகள் சிந்திய எண்ணெயோடு அத்தனையும் நேராக வில்லமெட் ஆற்றுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

இதைப் பார்த்தால் எனக்குப் பாத்திதான் தோன்றுகிறது. ஒரு பாத்தி நிரம்பினால் அடுத்ததற்கு மடை மாற்றுகிறோமே, அதேதான். ஆகவே 'மழைப்பாத்தி' என்று முன்மொழிகிறேன். கல்லில் விடும் வெட்டுக்கு 'மடை' இருக்கிறது, புதிதாக ஒன்றும் கட்ட வேண்டாம்.

> 'உயிர்வடிகால்' என்று முன்பே பேசினோமே, அது போதாதா?

அது பயோஸ்வேலுக்கு இருக்கட்டும். பயோஸ்வேல் என்பது சரிவான கரைகளோடு நீரை மெல்ல ஓடவிடும் வாய்க்கால், அகலம் கேட்கும். கடையும் குடியிருப்பும் நெருங்கி, ஆட்கள் நடந்தே புழங்கும் தெருவில் அவ்வளவு அகலத்துக்கு எங்கே போவது? அதனால்தான் நிமிர்ந்த சுவரும் மட்டமான அடியுமாக இந்தக் குறுகிய வடிவம் வந்தது. வண்டியை நிறுத்திவிட்டு இறங்குபவர் கால்வைக்க, கல்லை ஒட்டி ஒரு தளப்பட்டையும் அந்த 12ஆம் அவென்யூவில் விட்டிருக்கிறார்கள்.

'ஊறல்பாத்தி' என்ற யோசனையும் வந்தது. ஊறல் என்றாலே சாராய ரெய்டு செய்திதான் ஞாபகம் வருகிறது, மன்னிக்கவும்! அதைவிட முக்கியமான சிக்கல், எல்லாப் பாத்தியிலும் நீர் நிலத்துக்குள் ஊறுவதில்லை. கட்டட அடித்தளத்தை ஒட்டி அமைத்தால் பாத்தியின் அடியை நீர்புகாதபடி மூடி, துளைக்குழாய் வைத்து வெளியே எடுத்துவிடுவார்கள். போர்ட்லாந்து நகரக் கையேடு இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறது. நாமும் வைக்கலாம்: பொதுப்பெயர் மழைப்பாத்தி, நிலத்தில் இறக்குவது ஊறுபாத்தி, குழாயில் விடுவது வடிபாத்தி.

'மழைத்தோட்டம்' (மழைநீரைத் தேக்கி மண்ணில் இறக்கும் பள்ளமான செடித்தோட்டம்) என்பதோடு குழம்பும் என்று ஒருவர் தனிமடலில் சொன்னார். தோட்டத்துக்குள்தானே பாத்தி, பெயரில் உறவு தெரிந்தால் நல்லதே. 'வடிபாத்தி' காதுக்கு உறுத்துகிறதா என்று மட்டும் சொல்லுங்கள். மற்ற இரண்டையும் இந்த வாரமே பட்டியலில் ஏற்றிவிடலாம்.