கியூ டிப் பிதுங்கினால் தேய்ப்பதா, மாற்றுவதா?

கருப்பு எட்டு:
பாக்கெட் பில்லியர்ட்ஸ் ஆடும் என் கியூவின் (பந்தை அடிக்கும் கோல்) நுனியில் ஒட்டிய தோலான டிப், ஓரம் காளான் மாதிரி விரிந்து, அதற்கு அடியில் கோலைச் சுற்றியுள்ள ஃபெர்ரூல் வளையத்தைத் தாண்டி நிற்கிறது. மேலே பளபளப்பாகி, வழுக்காமல் இருக்கப் பூசும் சாக் பொடி பிடிக்கவே இல்லை. வெள்ளைப் பந்தின் பக்கவாட்டில் அடித்தால் டிப் வழுக்கி மிஸ்கியூ ஆகிறது. டிப் 13 மி.மீ. விட்டம், தோல் 3 மி.மீ. தடிமன் இருக்கிறது. கடையில் மாற்றச் சொல்கிறார்கள். உப்புத்தாளில் தேய்த்தே ஒப்பேற்றலாமா?

சாக்பொடி:
தாராளமாகத் தேய்க்கலாம் தம்பி. 3 மி.மீ. தோலைத் தூக்கிப் போடுவது அநியாயம். ஒற்றைத் தோல் டிப் அடிவாங்கி இறுகும்போது பக்கத்தில் விரியும், அது இயல்பு. ஃபெர்ரூலைச் சுற்றி டேப் ஒட்டிவிட்டு, பிதுங்கியதை மட்டும் நைசான உப்புத்தாளில் எடுங்கள். அப்புறம் டிப்பின் பக்கச் சுவரில் லேசாக ஈரம் தொட்டு, ஒரு தோல் துண்டால் சூடு ஏறும் வரை அழுத்தித் தேயுங்கள். சுவர் கெட்டியாகும், சீக்கிரம் விரியாது. மேற்பரப்பைச் சீவ வேண்டாம். சொரசொரப்பான தாளை வைத்து அழுத்தி உருட்டினாலே சாக் பிடிக்கும்.

லேத்மணி:
இதை ஏற்க மாட்டேன் அண்ணா. உள்ளே இறுகிப்போன தோலை மேலே சொரசொரப்பாக்கினால் கொஞ்ச நாள்தான் தாங்கும், மறுபடி பளபளக்கும். ஒவ்வொரு முறை பக்கத்தைத் தேய்க்கும்போதும் ஃபெர்ரூலும் கொஞ்சம் போகும். கமுய், மூரி மாதிரி அடுக்கு டிப் போட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. மெல்லிய பன்றித்தோல் அடுக்குகளைப் பசை போட்டு அழுத்தியது, உருவம் நிற்கும். கிடைக்கும் ஸ்பின்னும் வேறு.

சாக்பொடி:
ஸ்பின் கதையை விடுங்கள். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் பேராசிரியராக இருந்த டேவ் அல்சியடோர் இதை அதிவேகக் கேமரா வைத்தே ஆராய்ந்தவர். டிப் பந்தைத் தொடுவது ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு நொடிதான். நடுவில் இருந்து எவ்வளவு தள்ளி அடிக்கிறோம் என்பதே ஸ்பின்னைத் தீர்மானிக்கிறது, டிப் மென்மையா கெட்டியா என்பது இல்லை. 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர் மிங்கோ தோல் டிப்பைக் கொண்டுவந்த பிறகு, வெகுகாலம் உலகமே ஒற்றைத் தோலில்தான் ஆடியது. எல்க் மாஸ்டர் என்ற ஒற்றைத் தோல் டிப் எருமைத்தோல்தான், விலையும் கொஞ்சம்தான். மென்மை பிடிக்காதவர்கள் அதைப் பாலில் ஊறவைத்து, காயவைத்து, வைஸ் என்ற இறுக்குப் பிடியில் வைத்து இறுக்கிக் கெட்டியாக்குகிறார்கள். அடுக்கு டிப்பில் ஓரத்தில் ஓர் அடுக்கு உரிந்தால் அந்த விலை என்னாவது?

லேத்மணி:
ஸ்பின்னைப் பற்றி நீங்கள் சொல்வது சரி, அதை விட்டுவிடுகிறேன். ஆனால் இவருக்கு மிஸ்கியூ ஏன் ஆகிறது? பந்து 57 மி.மீ. சாக் நன்றாக இருந்தால் நடுவில் இருந்து சுமார் 14 மி.மீ. தள்ளி அடிக்கும் வரை வழுக்காது. இவருடையது அதற்கு முன்பே வழுக்குகிறது என்றால் மேல் வளைவு தட்டையாகிவிட்டது, பந்தில் படுவது டிப்பின் விளிம்பு. வளைவைத் திரும்பக் கொண்டுவரத் தோல் வேண்டும். வளைவுக்கு அளவாக ஒரு நாணயத்தின் விளிம்பை வைத்துப் பாருங்கள்: 2011இல் வந்த ஒரு ரூபாய் நாணயத்தின் விட்டம் ஏறக்குறைய 22 மி.மீ. அந்த வளைவை 13 மி.மீ. டிப்பில் கொடுத்தால், நடுவுக்கும் ஓரத்துக்கும் 2.1 மி.மீ. உயர வித்தியாசம் வரும். 3 மி.மீ. தோலில் ஓரத்தில் என்ன மிஞ்சும்? 0.9! நடுவில் அளந்தீர்களா, ஓரத்தில் அளந்தீர்களா தம்பி? எல்லாம் அதில்தான் இருக்கிறது.

கருப்பு எட்டு:
ஓரத்தில்தான் அளந்தேன் அண்ணா. நடுவில் 4 இருக்கும்.

சாக்பொடி:
அப்படியானால் வளைவு எடுத்த பிறகும் ஓரத்தில் 2 மி.மீ. பக்கம் நிற்கும். இதற்கு எதற்குப் புது டிப்?

நீலாம்பரி:
நானும் இப்போதைக்குத் தேய்ப்பதன் பக்கம். ஆனால் மாற்றும் நாளில் வீட்டிலேயே சூப்பர் குளூ போட்டு முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். டிப் கழன்று விழுவதற்குப் பெரும்பாலும் பசை காரணமில்லை, ஃபெர்ரூல் முகம் சமமாக இல்லாததுதான். பழைய பசையைத் துளிகூட விடாமல் எடுக்க வேண்டும். கையில் பிடித்துத் தேய்த்தால் முகம் ஒரு பக்கம் சாயும். லேத் என்ற கடைசல் இயந்திரத்தில் வைத்தால் ஒரே சீராக வரும்.

சாக்பொடி:
லேத் இல்லாத ஊரில் என்ன செய்வது? தட்டையான கண்ணாடி மேல் உப்புத்தாளை ஒட்டி, கியூவைச் செங்குத்தாகப் பிடித்துச் சுற்றினால் போதும். ஜெல் பசை போட்டு ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். மறுநாள் டிப்பைக் கீழே பார்க்கப் பலகையில் ஊன்றி, வெளியே நிற்பதைப் புது பிளேடால் வெட்டுங்கள்.

நீலாம்பரி:
செங்குத்தாகப் பிடிப்பது உங்களுக்குக் கைவந்தது. முதல்முறை செய்பவருக்கு வராது.

கருப்பு எட்டு:
இந்த வாரம் பக்கத்தைத் தேய்த்து, நாணயம் வைத்து வளைவை எடுத்துப் பார்க்கிறேன்.

லேத்மணி:
செய்யுங்கள். ஆனால் ஓரம் 1 மி.மீ.க்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் மெலிந்தால் அடி முழுக்க ஃபெர்ரூலில் இறங்கும். அது விரிசல் விட்டால் செலவு டிப்போடு முடியாது.