பந்து வருமுன் திரும்பிப் பார்ப்பவர்: இனியஸ்டா ரசிகர்களின் அனுபவப் பகிர்வு

கீழக்கரை (பணி துபாயில்)

நம் கடற்கரை ஊர்களில் வளைகுடா நாடுகளில் பிழைக்கும் உறவினர் இல்லாத வீடு அரிது என்பதால், ஸ்பெயினின் கால்பந்து நடுக்கள ஆட்டக்காரர் ஆன்ட்ரெஸ் இனியஸ்டாவை நேரில் பார்க்கும் வாய்ப்பு பார்சிலோனாக்காரர்களுக்கும் ஜப்பானியர்களுக்கும் அடுத்து நமக்குத்தான் எளிதாக வாய்த்தது என்று நண்பர்களிடம் வேடிக்கையாகச் சொல்வேன். 2023 ஆகஸ்டில் அவர் ஐக்கிய அரபு அமீரகத்தில் ராஸ் அல் கைமாவின் எமிரேட்ஸ் கிளப் என்ற கால்பந்து அணியில் சேர்ந்தபோது அவருக்கு வயது 39. துபாயிலிருந்து அங்கே செல்லக் காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் போதும். மச்சான் வண்டியை எடுத்தார். பெட்ரோல் செலவைப் பங்கு போட்டுக்கொண்டு, வார விடுமுறை மாலையொன்றில் புறப்பட்டுப் போனோம்.

பல ஆண்டுகளாகத் தொலைக்காட்சியில் அவரைப் பார்த்து வந்தும் நான் அறியாதிருந்த ஒன்று அன்று புரிந்தது. ஒளிபரப்பில் கேமரா பந்தின் பின்னாலேயே ஓடுவதால், பந்து தம்மிடம் இல்லாதபோது ஓர் ஆட்டக்காரர் என்ன செய்கிறார் என்பது நமக்குத் தெரிவதில்லை. அரங்கில் நான் பந்தை விட்டுவிட்டு அந்த ஒருவரையே கவனித்தேன். தம் அணியின் தடுப்பாட்டக்காரர் பந்தை எடுத்த கணத்திலிருந்து அது தம் காலுக்கு வந்து சேர்வதற்குள், இடப்பக்கம் ஒரு பார்வை, வலப்பக்கம் ஒரு பார்வை, மீண்டும் தோளுக்கு மேலாகப் பின்னால் ஒரு பார்வை என்று அவர் தலை திரும்பிக்கொண்டே இருந்தது. பந்து வந்தபோது எங்கே அனுப்புவது என்ற முடிவு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது போலவும், கால் அந்த முடிவை நிறைவேற்றியது மட்டுமே போலவும் எனக்குத் தோன்றியது. வேகமாக ஓட முடியாத வயதிலும் அவரைவிட மிகவும் இளையவர்கள் பந்துக்குத் தாமதமாக வந்து சேர்ந்ததற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

விசுவாசம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பார்சிலோனாவின் முதன்மை அணிக்காக 2002 முதல் 2018 வரை 674 ஆட்டங்கள் ஆடினார் என்பதைப் பலரும் பெருமையாக எழுதுகிறார்கள். ஆண்டுதோறும் கோப்பை வெல்லும் அணியில் நிலைத்திருப்பது அத்தனை கடினமான காரியமா என்று கேட்டால் என்னிடம் வலுவான மறுப்பு இல்லை. ஆனால் விலகும் நேரத்தில், தாம் வளர்ந்த கிளப்புக்கு எதிராக ஒருநாளும் ஆட மாட்டேன் என்பதற்காகவே ஐரோப்பாவின் வேறெந்தக் கிளப்புக்கும் போகாமல் ஜப்பானின் விஸ்ஸல் கோபேக்குச் சென்றாரே, அதைத்தான் நான் விசுவாசம் என்பேன். எமிரேட்ஸ் கிளப்போ அந்தப் பருவம் முழுவதும் தடுமாறி, இறுதியில் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. நாங்கள் பார்த்த ஆட்டத்திலும் தோல்விதான். உலகக்கோப்பையை வென்ற கால்கள் அங்கே தோற்றுக்கொண்டிருந்தபோதும், அருகில் தவறாக நின்ற இளைஞனுக்குக் கையை நீட்டி இடம் காட்டிக்கொண்டிருந்தார். எரிச்சல்பட்டுக் கையை உதறியதை நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

பெரியபட்டினம்

கீழக்கரைக் காக்கா (அண்ணன்) எழுதியதைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தவர் இனியஸ்டா அல்லர். இனியஸ்டாவை எங்களுக்குப் புரிய வைத்த எங்கள் ஊர் ஆட்டக்காரர். பெயரை எழுதினால் அவர் கோபித்துக்கொள்வார் என்பதால் விட்டுவிடுகிறேன். விசைப்படகு எஞ்சின் பழுது பார்ப்பவர். விரல் நகங்களின் ஓரத்தில் கிரீஸ் கறை எப்போதும் இருக்கும். மாலையில் வேலை முடிந்ததும் கைகளை மண்ணெண்ணெயில் கழுவிவிட்டு நேரே மைதானத்துக்கு வருவார்.

நம் பகுதியில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் கால்பந்து ஆடியவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். பந்தைச் சற்றே உயர்த்தி அடித்தால் போதும், காற்று அதை வாங்கிக்கொண்டு போய்ச் சீமைக்கருவேல முள்ளுக்குள் சேர்த்துவிடும். பந்தும் போய், ஆட்டமும் நின்று, முள்ளை விலக்கி எடுத்து வர ஒரு சிறுவனும் வேண்டும். இவர் மட்டும் ஆட்டம் தொடங்குமுன் ஒரு பிடி மணலை அள்ளித் தூவிப் பார்ப்பார். காற்றை எதிர்த்து ஆடும் பாதியில் எங்கள் அணியில் யாரும் முழங்காலுக்கு மேல் பந்தைத் தூக்கக் கூடாது என்பது அவருடைய கட்டளை. குறுகிய பாஸ்களாகத் தரையோடு நகர்த்தி நகர்த்தி எதிரணியைக் களைக்க வைத்துவிட்டு, பாதி மாறிய பிறகு காற்றையே பன்னிரண்டாவது ஆளாகச் சேர்த்துக்கொள்வார்.

தொடர் போட்டிகளில் வெளியூர் ஆட்களைப் பணம் கொடுத்து இறக்குவது வழக்கம் என்பது அனைவரும் அறிந்ததே. பக்கத்து ஊர் அணி ஒன்று இவரை இரண்டு ஆட்டங்களுக்குக் கேட்டது. பேசிய தொகை அவருடைய பல நாள் கூலிக்குச் சமம். எங்கள் அணி அந்தப் போட்டியில் கலந்துகொள்ளவே இல்லை என்பதால் போயிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டோம். அவரோ, “அடுத்த வருஷம் அவங்களோட மோதுவோம்ல, அப்ப எந்தப் பக்கம் பார்த்து ஓடுறது?” என்று கேட்டுவிட்டு ஸ்பேனரைக் கையில் எடுத்துக்கொண்டார்.

2010 ஜூலையில் நடந்த உலகக்கோப்பை இறுதியாட்டத்தை அவருடைய வீட்டு முற்றத்தில்தான் பார்த்தோம். நமக்கு நள்ளிரவில் தொடங்கிய ஆட்டம் கோலின்றிக் கூடுதல் நேரத்துக்குள் நுழைந்தபோது பாதிப் பேர் உறங்கிவிட்டார்கள். 116ஆம் நிமிடத்தில் சக ஆட்டக்காரர் ஃபாப்ரிகாஸ் தள்ளிய பந்தை இனியஸ்டா வாங்கினார். அது துள்ளித் தரைக்கு இறங்கும்வரை பொறுத்திருந்து அடித்தார். நாங்கள் கூச்சலிட்டதில் பக்கத்து வீட்டுப் பெரியம்மா திருடன் வந்துவிட்டான் என்று விளக்கைப் போட்டார். எங்கள் ஆட்டக்காரர் மட்டும், “அந்தப் பொறுமையைப் பாருங்கடா” என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மண்டபம்

நான் பார்சிலோனாவின் பரம எதிரியான ரியல் மாட்ரிட் அணியின் ரசிகன். எனவே என் சாட்சியம் எதிர்க்கட்சிச் சாட்சியமாக இருக்கட்டும். 2015 நவம்பரில் எங்கள் சொந்த அரங்கான பெர்னபேயூவில் எங்களை 4-0 என்று பார்சிலோனா வென்ற ஆட்டத்தில் இனியஸ்டாவும் ஒரு கோல் அடித்தார். அவர் மாற்றப்பட்டு வெளியேறியபோது எங்கள் ரசிகர்களே எழுந்து கைதட்டினார்கள். நான் மண்டபத்தில் கைப்பேசித் திரையில் பார்த்துக்கொண்டிருந்தவன். கைதட்டவில்லை, ஆனால் திட்டவும் மனம் வரவில்லை. ஸ்பெயினின் பல அரங்குகளில் அவருக்கு இந்த மரியாதை கிடைத்ததற்குத் திறமையும் 2010 கோலும் மட்டுமே காரணமல்ல என்று நினைக்கிறேன். அந்தக் கோலை அடித்தவுடன் சட்டையைக் கழற்றி, உள்ளாடையில் எழுதியிருந்த தானி ஹார்க்கேயின் பெயரைக் காட்டினார். ஹார்க்கே, பார்சிலோனாவின் உள்ளூர் எதிரியான எஸ்பான்யோல் அணியின் தலைவர். 2009 ஆகஸ்டில் 26 வயதில் இறந்துபோனவர். வாழ்நாளில் ஒருமுறை மட்டுமே கிடைக்கும் கணத்தை, சட்டையைக் கழற்றியதற்கு நடுவரின் எச்சரிக்கையான மஞ்சள் அட்டை கிடைக்கும் என்று தெரிந்தும், எதிரணி நண்பனுக்குக் கொடுத்த மனிதரை வெறுப்பது எங்களைப் போன்றவர்களுக்கே கடினமாகிவிட்டது.

இராமநாதபுரம்

பள்ளி மாணவிகளுக்குக் கால்பந்து பயிற்சி அளிக்கிறேன். மேலே கீழக்கரை அண்ணன் குறிப்பிட்ட தலை திருப்பும் பழக்கத்தைக் கற்பிப்பதுதான் என் வேலையிலேயே கடினமான பகுதி. பிள்ளைகள் பந்தையே பார்ப்பார்கள். “பந்தை விட்டுவிட்டு அவர் தலையை மட்டும் பாருங்கள்” என்று சொல்லி இனியஸ்டாவின் காட்சிகளைப் போட்டுக் காட்டினால் முதலில் சிரிக்கிறார்கள். அதனால் இப்போது வேறு வழியில் செய்கிறேன். பந்தை வாங்கப்போகும் மாணவியின் முதுகுக்குப் பின்னால் நின்று விரல்களை உயர்த்துவேன்; பந்து காலைத் தொடுமுன் எத்தனை விரல் என்று அவள் சொல்ல வேண்டும்; சொல்லாவிட்டால் பந்து அடுத்தவருக்கு.

தேவிபட்டினத்திலிருந்து வரும் மீனவர் வீட்டுப் பெண் ஒருத்திக்கு இது முதல் நாளே வந்துவிட்டது. எப்படி என்று கேட்டதற்கு, வள்ளத்தில் அப்பாவோடு போகும்போது வலையைப் பார்த்துக்கொண்டே பின்னால் வரும் அலையையும் பார்க்க வேண்டும் மிஸ் என்றாள். கோல் அடிக்க ஆசையில்லாத பிள்ளை. அவளுக்கு நடுக்களத்தையே கொடுத்திருக்கிறேன். அடுத்த ஆட்டம் சீதக்காதி சேதுபதி மைதானத்தில் நடக்கிறது; எதிரணியின் நடுக்கள ஆட்டக்காரி உயரமானவள், முரட்டுத்தனமாக மோதுவாள் என்று கேள்விப்பட்டேன். பெரியபட்டினத்து நண்பருக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் எஞ்சின்காரரை ஒரு மாலை எங்கள் பயிற்சிக்கு அனுப்பி வைக்க முடியுமா? போக்குவரத்துச் செலவை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்.

பெரியபட்டினம்

கேட்டுவிட்டேன் மிஸ். ஞாயிறு மாலை வருவார். செலவுப் பணம் வேண்டாமாம். உங்கள் மைதானத்தில் எந்தத் திசையில் கோல் கம்பம் இருக்கிறது என்று மட்டும் கேட்கச் சொன்னார்.