புதுப்பிப்பு: 12 டெக்ஸ்ட்பாக்ஸ், ஒரே லூப் – வழி கிடைத்தது

ரோஸ் ஹில் கோவில் காவடிப் பதிவுக்காக விபி டாட் நெட் என்ற நிரல்மொழியில் எழுதும் ஃபார்மைப் (திரைப் படிவம்) பற்றிப் போன வாரம் கேட்டிருந்தேன். அதிலுள்ள 12 டெக்ஸ்ட்பாக்ஸ்களையும் (எழுதும் பெட்டிகள்) ஒரே லூப்பில் (திரும்பத் திரும்ப ஓடும் நிரல் பகுதி) படிக்க, ‘டெக்ஸ்ட்பாக்ஸ்’ என்ற சொல்லோடு எண்ணை ஒட்டிப் பெயர் உண்டாக்கினால் பிழை வருகிறதே என்று.

சரி, ஒட்டிய பெயர் வெறும் சரம்தான் (எழுத்துத் தொடர்), கன்ட்ரோல் அல்ல, அதாவது ஃபார்மில் இருக்கும் பெட்டியே அல்ல. அதை ஃபார்மின் கன்ட்ரோல்ஸ் தொகுப்பிடம் கொடுத்துக் கேட்க வேண்டும். கேட்டேன், ‘நத்திங்’ (எதுவும் இல்லை) வந்தது! பெட்டிகள் ஃபார்மில் வைத்த ஒரு பேனலுக்குள் (பெட்டிகளை அடக்கும் சட்டம்) இருந்தன. ஃபார்மின் தொகுப்புக்குத் தன் நேரடிப் பிள்ளைகளைத்தான் தெரியும், பேரப்பிள்ளைகளைத் தெரியாது. பேனலின் தொகுப்பிடம் கேட்டதும் வந்துவிட்டது. டெக்ஸ்டை அப்படியே படிக்கலாம். செக்பாக்ஸில் டிக் இருக்கிறதா என்று பார்க்க மட்டும் டைரக்ட்காஸ்ட் (இது செக்பாக்ஸ்தான் என்று வகையைச் சொல்லும் கட்டளை) வேண்டும்.

அப்புறம் அதையும் விட்டுவிட்டு, 12 பெட்டிகளையும் ஓர் அர்ரேயில் (வரிசைப் பட்டியல்) போட்டேன். பெயரில் எழுத்து பிசகினால் நிரலை ஓடும் வடிவுக்கு மாற்றும் கம்பைலரே பிடித்துவிடுகிறது. தைப்பூசத்துக்குள் முடிக்க அச்சுப் பகுதி பாக்கி.